டிரைவர் இல்லாத ஜாதகம்

"கம்பியூட்டர் பொய் சொல்லாது. பத்துக்கு அஞ்சு பொருத்தமாவது இருக்குன்னு அது தாள்ல அடிச்சுக் குடுத்தா கல்யாணம். இல்லாட்டி இந்தப் பேச்ச இத்தோட விட்டுறணும்."

போன வாரம் தோட்டத்து லயத்தில் எல்லோர் முன்னாலும் நல்லையா விட்ட சவடால் இது. தங்கை ஜெயலெட்சுமியும் பக்கத்தில் நின்றாள். அவள் காதில் விழுந்த சொல்லை யாராலும் திரும்ப வாங்க முடியாது.

நல்லையாவின் மகள் விஜிதா, பசறையில் கம்பியூட்டர் வகுப்பு நடத்துபவள். கழுத்தை நீட்டினால் பூனாகலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் கிருஷ்ணராஜுக்குத்தான் என்று ஒற்றைக் காலில் நிற்பவள். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவோடும் அத்தையோடும் பசறையில் ஜாதகம் பார்க்கும் சாத்திரியார் இரகுநாதன் வீட்டுக்கு வந்தால், பிரின்டர் படுத்துக் கிடக்கிறது.

"வைரஸ் வந்து பிரின்டர் சங்கதியெல்லாம் அழிச்சுப் போட்டுது பிள்ளை. இப்ப டிரைவர் இல்லையெண்டு சொல்லுது" என்றார் சாத்திரியார். யாழ்ப்பாணத்துக்காரர், கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். லெப்டொப் லண்டன் மகன் பாவித்துக் கழித்தது. பிரின்டர் ஏதோ அரசாங்கக் கந்தோரில் ஏலம் விட்டது. இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம்.

"டிரைவர்தானே? நம்ம லொறி தம்பையாவ வரச் சொல்லவா?" என்றார் நல்லையா.

விஜிதா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அப்பா, இது அந்த டிரைவர் இல்ல. இந்த பிரின்டர் யாருன்னு கம்பியூட்டருக்குச் சொல்லிக் குடுக்குற சங்கதி. ஒரு சீடியில இருக்கும்."

"நேற்று வரைக்கும் இந்த மேசையிலைதான் கிடந்தது" என்று சாத்திரியார் கூரையைப் பார்த்தார்.

மேசை, அலுமாரி, பஞ்சாங்கக் கட்டு எல்லாவற்றையும் கவிழ்த்தாயிற்று. சீடி இல்லை.

"சரி விடு. சாத்திரி ஐயா பாத்து வாயாலயே சொல்லட்டும்" என்றார் நல்லையா.

"தாள்னுதான் சொன்னீங்க அண்ணே. எனக்குத் தாள்தான் வேணும்." அத்தை நாற்காலியை இழுத்துப்போட்டுச் சம்மணம் கட்டி உட்கார்ந்துவிட்டாள்.

விஜிதா மட்டும் விடுவாளா? அவளுக்கும் தாள்தான் வேண்டும். தாள் இல்லாவிட்டால் கிருஷ்ணராஜ் இல்லை.

"பொம்பிளை சாதகப் பொருத்தம் பாக்கப்படாது" என்று சாத்திரியார் அந்தப் பக்கத்தை மட்டும் மூடிவிட்டு லெப்டொப்பைக் கொடுத்தார். அவள் குடைந்தாள். கொமினிகேஷன் கடைக்கு ஓடி இன்டர்நெட்டில் தேடினாள். கண்டுபிடித்தும் விட்டாள்! ஒன்பது பங்கு இறங்கி ஒரு பங்கு பாக்கி இருக்கும்போது லைன் அறுந்தது. மறுபடி முயன்றாள், மறுபடியும் அறுந்தது. வகுப்புக்கு ஓடி ஒரு பெட்டி சீடிகளை அள்ளிக்கொண்டு வந்தாள்.

"விடும்மா, ஒனக்கு எதுக்கு இந்தப் பாடு?" வெளியே மழைக்குளிர். கோட்டைக் கூடக் கழற்றாமல் நல்லையா முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இருங்கப்பா! அதே கம்பனி, வேற மொடல். ஓடினாலும் ஓடும்."

ஓடியது! சாத்திரியார் பொருத்தப் பக்கத்தைத் திறந்து அமுக்கினார். பிரின்டர் கிர்ரென்று எழுந்து தாளைத் துப்பியது.

அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. குட்டிக் குட்டிக் கட்டம், இருதயம், சிலுவை, இடையிடையே பல்லிளிக்கும் முகம். பொருந்தாத டிரைவர் போட்ட கோலம். விஜிதாவுக்கு அழுகை முட்டியது. மூன்று மணி நேரம் பாடுபட்டு இதற்குத்தானா?

அத்தை தாளைப் பறித்தாள். "இது என்ன பாஷ?"

சாத்திரியார் தாளை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்தார். ஒருதரம் நல்லையாவைப் பார்த்தார்.

"கிரக பாஷை. இஞ்ச பாருங்கோ, இதெல்லாம் ராசிக் கட்டம். இதிலை ரெண்டு இருதயம் பக்கத்திலை பக்கத்திலை கிடக்கு. வசியப் பொருத்தம். ஓராள் சிரிக்கிறார், தெரியுதோ?"

"யாரது?"

"குரு பகவான். மொத்தத்திலை பத்துக்கு ஒன்பது!"

"அந்தப் பத்தாவது?"

"அதுக்கு மை காணாமப் போச்சுது."

விஜிதா துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். அத்தை நாற்காலியை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடினாள். நல்லையா தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நான்தான் சொன்னேனே. கம்பியூட்டர் பொய் சொல்லாது."

பஸ்ஸில் விஜிதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முன் சீட்டில் தாளை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தபோது மட்டும் பாவமாக இருந்தது. இவ்வளவு வெள்ளந்தியான மனிதரை எல்லோருமாகச் சேர்ந்து ஏமாற்றிவிட்டோமே.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கழற்றிய கோட்டை ஆணியில் மாட்டப் போனாள். பைக்குள்ளிருந்து ஏதோ வழுக்கி விழுந்தது.

சீடி. அதன் மேல் அந்த பிரின்டரின் படம்.

நிமிர்ந்தாள். நல்லையா வாசலை எட்டிப் பார்த்து, அத்தை இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"நேத்தே வந்து பாத்துட்டேன். மூணு பொருத்தந்தான் காட்டுச்சு. நல்ல வேளை, பிரின்டர் படுத்துக் கெடந்துச்சு. சொன்ன சொல்ல மாத்துனா ஒங்கத்த சும்மா விடுவாளா? சாத்திரி ஐயாகிட்ட, பொருத்தம் இருக்குன்னு எப்பிடியாச்சும் வாயால சொல்லிருங்கன்னு கெஞ்சிக் கூத்தாடி, இத எடுத்துக்கிட்டு வந்தேன். நீ என்னடான்னா, பிரின்டர ஓட வைக்க மூணு மணி நேரமா மல்லுக்கட்டுற! எனக்கு உசிரே போச்சு. கொண்டு போயி போஞ்சிப் பாத்தியில கட்டி விடு, குருவியாச்சும் வெரட்டட்டும்."

விஜிதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "கம்பியூட்டர் பொய் சொல்லாதுன்னு சொன்னீங்களேப்பா?"

"அது சொல்லாதும்மா. அதனாலதானே நாங்க ரெண்டு கெழவனும் சொல்ல வேண்டியதாப் போச்சு."