உண்டியலின் முதல் வாடிக்கையாளர்

அணிலின் வேர்க்கடலை வியாபாரம் சூடுபிடித்தது. பொந்தில் இடம் போதவில்லை. சரக்கை வெளியே யாரிடமாவது ஒப்படைக்கலாம் என்று மூட்டையோடு மண் உண்டியலிடம் வந்தது.

"வாங்க தம்பி! இங்கே மழையும் நனைக்காது, காக்காவும் கொத்தாது. என்கிட்ட வெச்ச சரக்குல ஒரு பருப்புகூட இதுவரைக்கும் வெளியே போனதில்லை!"

அணிலுக்குப் பிடித்துவிட்டது. முதல் கடலையை உண்டியலின் வாயருகே கொண்டுபோனது. பெருமையில் உண்டியல் ஒரு குலுங்கு குலுங்கியது. உள்ளே ஏதோ கடகடத்தது.

"அது யாரோடது அண்ணே?"

"எலியோட கடலை. போன வருஷம் போட்டது. எலிதான் என் முதல் வாடிக்கையாளர்."

அணிலின் கை அப்படியே நின்றது. "எடுக்க வரலையா?"

"வராம என்ன? தினமும் வந்து என்னையே சுத்திச் சுத்தி வருது. என்னை விட்டுப் போக அதுக்கு மனசே வரல தம்பி!"