மறு ஏலம்

பூசணிக்காய் இரண்டாவது முறையாக ஏலத்துக்கு வந்தபோது அக்காவிடம் சொன்னேன்.

“கிட்னியில கட்டி கீதாம். கேன்சர்ன்றாங்க.”

லோயிஸ் அக்கா ஏல மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பூசணி, பிச்சாட்டூரிலிருந்து அவள் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. எழுபத்தேழில் எனக்கு ஆபரேஷன் நடந்ததிலிருந்து ஒவ்வொரு அறுப்பின் பண்டிகைக்கும் என் பெயரைச் சொல்லி ஒரு பூசணி கொண்டுவந்து சித்தூர்க் கோயிலில் காணிக்கையாக வைப்பாள். படைத்த விளைச்சலையெல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள்.

நாளைக்கு எப்படியாவது அவளை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்விட வேண்டும். என் தலைக்குள் இருந்தது அது ஒன்றுதான்.

எங்கள் சபையில் ஏலத்தில் எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பணத்தைக் கட்டிவிட்டு, கோயிலுக்கே இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். நல்ல காய் என்றால் மத்தியானத்துக்குள் நாலைந்து கை மாறும். கடைசியில், விலையை ஏற்றிவிடுவதற்காக மட்டும் கை தூக்கிய யாராவது ஒருவர் தலையில் வந்து விழும்.

“ஒக்கட்டோசாரி!” என்றார் ஏலம் விட்டுக்கொண்டிருந்த ஜெபமணி. தெலுங்கில் எண்ணினால் அதிகம் பேர் கை தூக்குகிறார்கள் என்பது அவர் நம்பிக்கை. “இன்னாய்யா, பூசணியைப் பார்த்தா பயமா? பாஸ்டரய்யா தலை சைசுதான் கீது!”

கூட்டம் சிரித்தது. பாஸ்டரும் சிரித்தார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். “எந்தக் கிட்னியில?”

சரியான கேள்வி. எனக்குள் மூன்று இருக்கின்றன. புதியதை வைக்கும்போது பழைய இரண்டையும் எடுப்பதில்லை. அவை முதுகுப் பக்கம் சுருங்கிப்போய்க் கிடக்கும். புதியதை அடிவயிற்றில் வலது ஓரமாக வைத்துத் தைப்பார்கள். காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அங்கே கைக்கு எட்டுகிற மாதிரி இருப்பதால் இணைப்பது சுலபம். சட்டைக்கு மேலே கை வைத்தாலே கிட்னி தட்டுப்படும்.

“நீ குடுத்ததுல.”

அவள் என் சட்டையை, அந்த இடத்தில், பார்த்தாள்.

வியாழக்கிழமை டாக்டர் சொன்னதிலிருந்து எனக்கு எதுவுமே ஆகவில்லை. அழுகை வரவில்லை. தூக்கம்கூடக் கெடவில்லை. எது எப்படி வேலை செய்கிறது என்று சொல்வதற்கு மட்டும் வாய் வந்தது. சொன்னேன்.

நான் வேலை பார்க்கும் கரண்ட் சப்ஸ்டேஷனில் ரிலே என்று ஒரு கருவி உண்டு. லைனில் கோளாறு வந்தால் கண்டுபிடித்து, துண்டிக்கச் சொல்லும். உடம்பிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அக்காவின் கிட்னியை அது கோளாறாகத்தான் பார்க்கும். எத்தனை வருடம் என் ரத்தம் அதற்குள் ஓடினாலும் அதன் ஒவ்வொரு அணுவும் அக்காவுடையதுதான். என்னுடையதாக மாறவே மாறாது. அதனால் தினமும் மாத்திரை போட்டு அந்த ரிலேயை மந்தமாக்கி வைத்திருக்கிறோம். மந்தமான ரிலே, நிஜமான கோளாறு வந்தாலும் சும்மா இருந்துவிடும். கட்டி இவ்வளவு வளர்ந்தது அப்படித்தான்.

“அப்ப மாத்திரையை நிறுத்திடு.”

“நிறுத்தினா கிட்னி போயிடும்க்கா. எப்படியும் அதை எடுத்துடணும்ன்றாங்க.”

“அப்பறம்?”

“பழையபடி ரத்தம் சுத்தம் பண்ற மெஷின்தான்.”

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இன்னும் ஒண்ணு என்கிட்ட கீதுடா. அதையும் எடுத்துக்கோ. நான் இன்னா பண்ணப் போறேன் அதை வெச்சிக்கினு?”

நான் பூசணியைப் பார்த்தேன். நல்ல மஞ்சள்.

“நாளைக்கு என்கூட வேலூருக்கு வாக்கா.”

“நாளைக்கா? மல்லாக்கொட்டை பிடுங்க ஆளு சொல்லி வெச்சிக்கிறேன்டா. உங்க மாமா ஒண்டியா இன்னா பண்ணுவாரு? உன் பொண்டாட்டி மேரி வருவா இல்ல?”

“மேரி வேணாம். நீ வா.”

“அதான் ஏன்னு கேக்கறேன்.”

“பயமா கீதுக்கா,” என்றேன். அப்படிச் சொன்னால் வருவாள் என்று தெரியும். சொன்ன பிறகும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “சரி, இங்கயே தங்கிடறேன். மாமாவுக்கு யார்கிட்டயாவது சொல்லியனுப்பு. மல்லாக்கொட்டை எங்க ஓடிடப் போவுது? நீ மூஞ்சை அப்படி வெச்சிக்காத.”

“ரெண்டோசாரி!” ஜெபமணி எங்கள் பக்கம் திரும்பினார். “லோயிஸம்மா, உன் பூசணியை ஒருத்தரும் கேக்க மாட்டேன்றாங்க. நீ தம்பிகூட கதை பேசிக்கினு கீறியே!”

அக்கா சட்டென்று கை தூக்கிவிட்டாள்.

தான் படைத்ததைத் தானே ஏலத்தில் கேட்பது எங்கள் சபையில் வழக்கமில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். யாரும் மேலே கேட்கவில்லை. ஜெபமணி மூன்றாவது தரத்தையும் அவசரமாகச் சொல்லி முடிக்க, பூசணி கைமாறிக் கைமாறி அவள் மடிக்கே வந்து சேர்ந்தது.

“திருப்பிக் குடுத்துடுக்கா.”

“இருக்கட்டும்டா.” அதன்மேல் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்தாள். “காலைல இதுல பாதியைப் பொரிச்சி, சோறு கட்டிக்கினு போலாம். பஸ்ல துன்னலாம்.”

“மருந்து ஏத்தி எக்ஸ்ரே எடுக்கறதுக்கு வெறும் வயிறா இருக்கணும்.”

“அது உனக்கு. நான் துன்னா இன்னா?”

“எக்ஸ்ரே எனக்கில்லக்கா,” என்றேன். “உன்கிட்ட கீற இன்னொண்ணுலயும் கட்டி கீதான்னு பார்க்கணுமாம். நீ ஒண்ணும் துன்னாம வா.”