பேசி முடித்த முகம்

ஆலை வாசலில் பேசிவிட்டு இறங்கிய சங்கச் செயலாளருக்கு அந்தக் கேமராக்காரியைப் பார்த்தாலே சந்தேகமாக இருந்தது. வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து, பேசுகிறவர்களையே சுற்றிச் சுற்றி வருகிறாள்.

"யாரும்மா நீ? முதலாளி அனுப்பின ஆளா?"

"இல்லண்ணே. போராட்டத்துல பேசுறவங்களைப் படமெடுத்துப் புத்தகமாப் போடப்போறேன்."

"நான் தொண்டை கிழியக் கத்துறப்போ கேமராவைத் தொடவே இல்லையே?"

"மைக் முன்னாடி எல்லாருக்கும் ஒரே முகம்தாண்ணே. பேசி முடிச்சப்புறம்தான் சொந்த முகம் வரும். அதுக்குத்தான் காத்திருக்கேன்."

"யாருகிட்ட கதை விடுற?" செயலாளர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "தோழர்களே, இவகிட்ட யாரும் வாய் கொடுக்காதீங்க! நாம இங்க பேசுறதெல்லாம் அப்பவே முதலாளி காதுக்குப் போயிடுது."

கூட்டம் முறைத்தது. அவள் கேமராவோடு ஒதுங்கிக்கொண்டாள்.

எல்லோரும் கலைந்ததும் செயலாளர் பின்தெருவுக்கு நடந்தார். அங்கே நின்றிருந்த காரில் ஏறியதும் பொரிந்து தள்ளினார்.

"ஏன் முதலாளி, எம்மேல நம்பிக்கை இல்லாமத்தான் கேமராவோட இன்னொரு ஆளை அனுப்புனீங்களா?"

"நான் யாரையும் அனுப்பலையேய்யா!"

அப்பாடா என்றிருந்தது செயலாளருக்கு. வாய்விட்டுச் சிரித்தார்.

கார்க் கண்ணாடிக்கு வெளியே 'க்ளிக்' என்றது.

"அப்படியே இருங்கண்ணே," என்றாள் அவள். "இப்பத்தான் வந்திருக்கு."