பன்னிரண்டாம் நாள்

அண்ணன் நாலு நாளைக்கு ஒருமுறை அம்மாவைப் பார்க்க முதியோர் இல்லத்துக்கு வருகிறார் என்று தெரிந்ததும், கணக்கு வாத்தியார் ஞானசிகாமணி தனக்கு ஆறு நாளைக்கு ஒருமுறை என்று முறை வைத்துக்கொண்டார். அண்ணன் வந்துபோன மறுநாளில் தொடங்கினார். அப்படித் தொடங்கினால் அண்ணனின் முறை இரட்டைப்படை நாளிலும் இவர் முறை ஒற்றைப்படை நாளிலுமே விழும்; எத்தனை வருடமானாலும் இரண்டும் ஒரே நாளில் சேராது. அண்ணன் முகத்தில் விழிக்காமலிருக்க அவர் கண்ட வழி அது. இரண்டு வருடமாகப் பிசகவில்லை.

இன்று அம்மா தலையணைக்கடியிலிருந்து காலண்டரை எடுத்தாள். அண்ணனுக்கு வட்டம், இவருக்குப் பெருக்கல் குறி. வரப்போகும் நாட்களுக்கும் போட்டு வைத்திருந்தாள்.

"பெரியவன் நாலு, நீ ஆறு. பன்னெண்டு நாளைக்கு ஒருக்க ரெண்டு பேரும் சேந்துல்லா வரணும்? சின்னதுல நீ எங்கிட்ட ஒப்பிச்ச கணக்குதாம்ல. நானும் எண்ணி எண்ணிப் பாக்கேன், ஒருநாளும் சேரல. எங்க தப்பு விடுதேன்?"

"நீ தப்பு விடலம்மா."

"பொறவு? வாத்தியாருதான, திருத்திக் குடு."

பென்சிலை அவர் கையில் திணித்தாள். நாளைய கட்டத்தில் அண்ணனின் வட்டம் இருந்தது. அதற்குள் பென்சில் முனையை வைத்தவர், தன் பெருக்கல் குறியைப் போடவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். விடையைப் பார்க்க அம்மா குனிந்தாள்.