பச்சை மைமேல் ஒரு கண்

பல்கலைக்கழகப் பதிவாளரின் ரப்பர் ஸ்டாம்ப்புக்குத் துணைவேந்தரின் பச்சைப் பேனாமேல் எப்போதும் ஒரு கண். "நம்ம அதிகாரத்துல கை வைக்கத்தான் பார்க்குது," என்று இங்க் பேடிடம் புலம்பும்.

துணைவேந்தர் பதவிக்காலம் முடிந்து போனார். அந்தப் பொறுப்பையும் பதிவாளரே கூடுதலாகப் பார்க்கும்படி உத்தரவு வந்தது.

"இனி எல்லாம் ஒரே கை. விடுதித் தண்ணி மோட்டார் ஃபைல் இன்னைக்கே முடிஞ்சிரும்," என்றது இங்க் பேடு.

காலையில் பதிவாளர் துணைவேந்தர் நாற்காலியில் உட்கார்ந்து, "பதிவாளர் விளக்கம் தரவும்" என்று அந்த ஃபைலில் பச்சையில் எழுதினார். மதியம் தன் அறைக்கு வந்து நீலத்தில் விளக்கம் எழுதி, ஸ்டாம்ப் குத்தி அனுப்பினார். மாலையில் ஃபைல் திரும்பி வந்தது. "விளக்கம் திருப்தியாக இல்லை" என்று பச்சையில் இருந்தது.

"எழுதினது நம்ம ஆளுதானே?" என்றது இங்க் பேடு.

ஸ்டாம்ப் குரலைத் தாழ்த்தியது. "அதான் சொல்றேன், இனி இவர்மேலயும் ஒரு கண் வைக்கணும்."