கோப்பையும் களியும்

தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றதும், கடத்தூர் கால்பந்து அணி பயிற்சியாளர் பிரபாகரை வேலையிலிருந்து நீக்கியது. அவர் பாப்பிரெட்டிப்பட்டி அணிக்குப் போனார். ஒரே வருடம். இன்றைய இறுதி ஆட்டத்தில் கடத்தூரையே தோற்கடித்துக் கோப்பையோடு வீட்டுக்கு வந்தார்.

"என்னை வேணாம்னு அனுப்புன கடத்தூர் செயலாளரு மூஞ்சி இப்ப எப்படி இருக்கும், கோகிலா?"

"எப்பவும் போலத்தான் இருக்கும். ரொம்ப ஆடாம கை கழுவிட்டு வாங்க, களி ஆறுது," என்றாள் மனைவி.

தட்டை வைத்தவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு கடிதத்தையும் நீட்டினாள். கடத்தூர் அணிக்கே திரும்பி வரச் சொல்லி அழைப்பு. கீழே கையெழுத்து: கோகிலவாணி, செயலாளர்.

"போன வருசம் சாப்புடறதுக்கு முன்னாலயே வேலைய விட்டுத் தூக்குனீங்க. இன்னிக்கு இன்னொரு உருண்டை போடுங்க, செயலாளரம்மா. தின்னுட்டு யோசிச்சுச் சொல்றேன்!"