பாதியில் விட்ட வேலை

வீட்டில் எல்லா போனும் வைஃபையைப் பிடித்தது. ரெக்சனின் லேப்டாப் மட்டும் பிடிக்கவில்லை.

ஈவாஞ்சலின் மோடத்தை இரண்டு தடவை அணைத்துப் போட்டுவிட்டாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டுபோய் மோடத்துக்கு அடியிலேயே வைத்துப் பார்த்தாள். திரையின் மூலையில் வைஃபை அடையாளமே வரவில்லை.

மணி ஒன்றரை. நாலு மணிக்குக் கப்பல் கம்பெனி ஆள் கையெழுத்து வாங்க வருவான்.

தாளில் எழுதியிருப்பது ஒரே விஷயம். ரெக்சன் தானாகக் கடலில் குதித்தான்.

அவள் நம்பவில்லை. காணாமல் போவதற்கு முந்தின நாள் புருஷன் போனில் சொல்லியிருந்தான்: இங்கே நடக்கிறதையெல்லாம் வீடியோ எடுத்து லேப்டாப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.

அது கம்பெனி கொடுத்த லேப்டாப். அவன் சாமான்கள் வந்த பெட்டியில் அது இல்லை. கூட வேலை பார்த்த ஜெனிஸ் தன் அழுக்குத் துணிக்குள் சுருட்டிக் கொண்டுவந்திருந்தான். காலையில் வாசலில் வைத்துக் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

பாஸ்வேர்டு தெரியாது. மாற்றலாம், அதற்கு நெட் வேண்டும். ரெக்சன் வீட்டில் விட்டுப்போன சிம்முக்கு ஓடிபி நம்பர் வரும். நெட் மட்டும் கிடைத்துவிட்டால் போதும்.

ரெக்சனின் அப்பா ரோச், திரேஸ்புரத்தில் பட்டறை வைத்து வள்ளங்களுக்கு இன்ஜின் வேலை பார்க்கிறவர். மகன் கப்பலில் இன்ஜினியர் ஆனதும் அந்தப் பட்டறையிலிருந்து போய்த்தான். அவர் லேப்டாப்பை மடியில் கவிழ்த்துப் போட்டார்.

"மாமா, அது இன்ஜின் இல்ல. கடைக்குக் கொண்டுபோவோம்."

"கடக்காரன் நாளக்கி வாங்கன்னு சொல்லுவான். அந்தச் சின்னத் திருப்புளிய எடு, ஏளா."

பத்துத் திருகாணி. ஒவ்வொன்றும் லேசாகக் கழன்றது. யாரோ முன்பே கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

உள்ளே ஒரு பள்ளம் காலியாகக் கிடந்தது. பக்கத்திலேயே, தபால்தலை அளவில் ஒரு பச்சைச் சில்லு. பிளாஸ்டிக் தாளில் பொதிந்து, அதன் திருகாணியோடு சேர்த்துக் கறுப்பு டேப் போட்டு ஒட்டியிருந்தது. கழற்றியது தொலையாமல் இருக்கப் பட்டறையில் அப்படித்தான் செய்வார்கள்.

ரோச் அந்த டேப்பைத் தடவிப் பார்த்தார்.

"எம் மவன் கைவேலதான். பிரிச்சிருக்கான், மாட்ட விடல படுபாவிய."

டேப்பை உரித்தார். சில்லு பள்ளத்தில் டக்கென்று உட்கார்ந்தது. திருகாணியை முறுக்கினார். மகன் பாதியில் விட்ட வேலையை முடித்துக்கொடுக்கிற கை அது.

லேப்டாப்பைப் போட்டார்கள். மூலையில் அடையாளம் வந்தது. வீட்டு வைஃபையின் பெயர் வந்தது. அவள் வைஃபை பாஸ்வேர்டை அடித்தாள்.

"வந்துட்டு மாமா! நெட்டு வந்துட்டு!"

ரோச் கிரீஸ் கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டார்.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. திரை நீலமாக மாறியது. இங்கிலீஷில் நாலு வரி.

"என்னளா சொல்லுது?"

அவள் வாசித்தாள். இந்தக் கணினி கம்பெனிக்குச் சொந்தமானது. கம்பெனியின் உத்தரவுப்படி இதில் உள்ளவை அழிக்கப்படுகின்றன. அணைக்க வேண்டாம்.

பன்னிரண்டு சதவீதம்.

அணைக்கிற பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். திரை கறுத்தது. தானே மறுபடியும் எரிந்தது. நாற்பது சதவீதம்.

ரோச் பிடுங்கிக் கவிழ்த்தார். திருகாணிகள் தரையில் தெறித்தன. சில்லைக் கழற்றி எடுத்துவிட்டுத் திருப்பியபோது, திரை புதுசாக வாங்கியது மாதிரி வெள்ளையாக இருந்தது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

ரோச் கையிலிருந்த சில்லையும் தான் உரித்துப்போட்ட டேப்பையும் பார்த்தார்.

"ரிப்பேர் பாக்கல ஏளா அவன்," என்றார் ரோச். "நெட்டு வந்துரக் கூடாதுன்னுதான் கழட்டிருக்கான்."